தாளில் எழுதாத குணம்



கோடை விடுமுறை வந்தால் உங்கள் இல்லங்களில் நிகழ்வது என்ன என்பதை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் கைப்பேசியும் கையுமாக ஒதுங்கிவிடுகின்றனர். உணவுக்கு அழைத்தால் மூன்றாம் குரலுக்குத்தான் பதில் வருகிறது. ஒரே கூரையின் கீழ் ஐந்து பிள்ளைகள் கூடியிருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லையே என்று வருந்தாத நன்னிமார்கள் எந்த ஊரில் இருக்கின்றனர்?

சென்ற விடுமுறையில் அனுமந்தன்பட்டியில் என் தாயார் வீட்டுக்குச் சென்றபோது இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றைக் கண்டேன். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையே, திராட்சைப் பந்தல்களும் நெல்வயல்களும் சூழ இருக்கும் ஊர் அது. அஸர் தொழுகை முடிந்து வெயில் தணிந்திருந்த நேரம். என் சகோதரிகளின் பிள்ளைகள் ஐவரும் திண்ணையில் பாய் விரித்து வட்டமாக அமர்ந்திருந்தனர். நடுவே சில தாள்கள், பென்சில்கள், என் தாயாரின் பழைய சுருக்குப் பை ஒன்று. கைப்பேசிகள் ஐந்தும் உள்ளே அலமாரியின் மேல் இருந்தன.

கோவையில் பொறியியல் பயிலும் மூத்தவன் சொல்லிக்கொண்டிருந்தான்: "கூடலூரைக் கடந்துவிட்டீர்கள். குமுளிக்கு ஏறும் மலைப்பாதை தொடங்குகிறது. இடப்பக்கத்தில் மூங்கில் முறியும் ஓசை கேட்கிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?"

மற்ற நால்வரும் மூச்சடக்கி ஒருவரையொருவர் பார்த்தனர். பிறகு ஒவ்வொருவராகப் பதில் கூறினர். ஒருவன் குதிரையை நிறுத்தினான். ஒருவன் மரத்தின்மீது ஏறிப் பார்ப்பதாகச் சொன்னான். ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளை தன் மருந்துப் பையை இறுகப் பற்றிக்கொண்டாள்; அவள் கையில் பை ஏதும் இல்லை. ஒன்பது வயதுச் சிறுவனோ, "என் மிளகு மூட்டை பத்திரமா?" என்று கேட்டான்.

நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அந்த ஒரு மாத காலத்தில் அந்தத் திண்ணையில் நான் கண்டதும், கற்றதும், வெட்கப்பட்டதுமான சில செய்திகளை இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சதுரங்கத்தின் வழித்தோன்றல்

இதைப் பாத்திரமேற்பு விளையாட்டு என்கின்றனர். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர் ஆளுக்கொரு பாத்திரமாக அக்கதைக்குள் வாழ்வதே இதன் முறை. நாடகம் போன்றது, ஆனால் எழுதி வைத்த வசனம் கிடையாது. தாயம் போன்றது, ஆனால் முடிவுக் கட்டம் கிடையாது. வெற்றி பெற்றவர், தோற்றவர் என்ற பிரிவும் இல்லை.

இவ்வகையில் அச்சில் வந்த முதல் விளையாட்டு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவின் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் இயற்றிய அது 1974இல் வெளிவந்தது. அதன் வேர் நம் மண்ணிலேயே இருக்கிறது. இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகம் சென்று, அரபு உலகில் ஷத்ரஞ்ச் எனப் பெயர் பெற்றது. பத்தாம் நூற்றாண்டின் பக்தாதில் அஸ்-ஸூலி என்ற அறிஞர் அதைக் குறித்து நூலே இயற்றினார். அது ஐரோப்பா சென்றது. 1824இல் பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரிகளின் பயிற்சிக்கான போர் விளையாட்டு அச்சிடப்பட்டது. சதுரங்கக் கட்டங்களை விட்டு நிலப்படத்தின் மீது காய் நகர்த்தும் ஆட்டம் அது. அத்தகைய போர் விளையாட்டுகளை ஆடி வந்தவர்கள்தாம், படைக்குப் பதிலாக ஒரே ஒரு மனிதனை நடத்திப் பார்ப்போம் என எண்ணினர். அந்த எண்ணமே 1974இல் நூலாயிற்று.

எங்கள் பிள்ளைகள் அந்நூலின் விதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, கதையைத் தாமே இயற்றியிருந்தனர். கம்பத்திலிருந்து மலைநாட்டுக்குச் செல்லும் பழங்கால வணிகக் கூட்டம் ஒன்றின் கதை அது. பதினொன்றாம் வகுப்பு மாணவன் குதிரை வீரன். குதிரை வணிகத்தாலும் குதிரை ஏற்றத்தாலும் நம் முன்னோர் பலர் ராவுத்தர் எனப் பெயர் பெற்ற செய்தியை அவன் எங்கோ படித்திருக்கிறான். பெண் பிள்ளை ஹக்கீம். ஒன்பது வயதுச் சிறுவன் மிளகு வணிகன். எட்டாம் வகுப்பு மாணவன் வழிகாட்டி.

இருபத்தேழு புள்ளிகள்

விளையாடும் முன் ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தை ஒரு தாளில் அமைக்க வேண்டும். உடல் வலிமை, சுறுசுறுப்பு, தாங்கும் திறன், அறிவு, விவேகம், பிறரை ஈர்க்கும் இயல்பு என ஆறு ஆற்றல்கள். ஒவ்வோர் ஆற்றலுக்கும் ஓர் எண்.

ஆதி நூலில் மூன்று பகடைகளை உருட்டி அந்த எண்ணைக் கண்டனர். மூன்று பகடைகள் விழக்கூடிய விதங்கள் 216. அவற்றுள் ஒன்றே ஒன்றில்தான் பதினெட்டு வரும். பிற்காலத்தில் வேறொரு முறையும் ஏற்பட்டது. எல்லோருக்கும் சமமாக 27 புள்ளிகள் கொடுத்துவிடுவர். அதைக்கொண்டு ஆற்றல்களை விலைக்கு வாங்குவது போல வாங்கிக்கொள்ள வேண்டும். எட்டு என்ற எண் இலவசம். பதின்மூன்று வரை ஏற ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி. அதற்கு மேல் விலை கூடும்: பதினான்குக்கு மொத்தம் ஏழு, பதினைந்துக்கு மொத்தம் ஒன்பது. பதினைந்துக்கு மேல் வாங்க இயலாது.

குதிரை வீரன் தயங்கவே இல்லை. வலிமை, சுறுசுறுப்பு, தாங்கும் திறன் மூன்றிலும் பதினைந்து வாங்கினான். இருபத்தேழும் தீர்ந்தது. அறிவும் விவேகமும் ஈர்ப்பும் எட்டிலேயே நின்றன. பெண் பிள்ளை நெடுநேரம் யோசித்தாள். ஹக்கீமுக்கு அறிவும் விவேகமும் வேண்டும் என்று இரண்டிலும் பதினைந்து வாங்கினாள். சுறுசுறுப்பு பதின்மூன்று, ஈர்ப்பு பன்னிரண்டு. அவளுக்கும் இருபத்தேழு தீர்ந்தது. வலிமையும் தாங்கும் திறனும் எட்டு. "என் ஹக்கீம் சீக்கிரம் களைச்சுப் போயிடுவா. யாராவது கூடவே இருக்கணும்" என்று தாளின் ஓரத்தில் எழுதி வைத்தாள்.

பெற்றோரே, இக்கணக்கைச் சற்று எண்ணிப் பாருங்கள். நம் பிள்ளைகள் கணக்கில் முதலாக வரவேண்டும், ஓட்டத்திலும் முதலாக வரவேண்டும், குரலும் இனிமையாக இருக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் பதினைந்தை நம் பிள்ளையின் எட்டோடு ஒப்பிட்டுப் பேசுகிறோம். எல்லாவற்றிலும் பதினைந்து வாங்கும் அளவுக்குப் புள்ளிகள் எவரிடமும் இல்லை என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரு மாலைப் பொழுதில் உணர்ந்துகொண்டாள். தன் குறையைத் தானே எழுதி, அதற்குத் துணை தேடவும் அறிந்துகொண்டாள்.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார் என் தாயார். எண்பதைக் கடந்த வயது. அவர் கேட்டார்: "ஏன்த்தா, அறிவு இருக்கு, பலம் இருக்கு. பொறுமை எங்கே? உண்மை பேசுறது எங்கே? அதுக்கு எத்தனை புள்ளி?"

மூத்தவன் சிரித்தான். "நன்னி, அதைத் தாளில் எழுத முடியாது. விளையாடும்போதுதான் தெரியும்."

அவன் விளையாட்டாகச் சொன்ன சொல் அது. பின்னர் அதை நான் பலமுறை நினைக்க நேர்ந்தது.

பகடையும் சூனியமும்

மேலே செல்வதற்கு முன், உங்கள் உள்ளத்தில் எழுந்திருக்கும் இரண்டு ஐயங்களுக்கு வருகிறேன்.

முதலாவது பகடை. நர்து எனும் பகடை ஆட்டத்தைக் கண்டிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றிருக்கிறது. ஆகவே பணயம் இல்லாவிடினும் பகடையையே தவிர்க்க வேண்டும் என்பது பெரும்பாலான உலமாக்களின் கருத்து. தீர்ப்பு வழங்குவது இப்பகுதியின் பணியன்று. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவடையுங்கள். எங்கள் வீட்டில் என் தாயார் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: "என் திண்ணையில் பகடை உருளாது." பிள்ளைகள் வாதிடவில்லை. ஒன்று முதல் இருபது வரை எழுதிய சீட்டுகளை மடித்து, அவருடைய சுருக்குப் பையிலேயே போட்டுக்கொண்டனர். ஐயத்துக்குரிய செயல் எதுவாயினும் ஒரு சீட்டை எடுத்துப் பார்ப்பது, மீண்டும் பைக்குள் போடுவது. வாய்ப்பே வேண்டாம் என்போருக்காகப் பகடையே இல்லாத பாத்திரமேற்பு விளையாட்டும் 1991இல் அமெரிக்காவில் அச்சாகியிருக்கிறது.

இரண்டாவது சூனியம். மூல நூலில் மந்திரக்காரர்களும் கற்பனைத் தெய்வங்களும் நிறைய உண்டு. 1980களில் அமெரிக்கக் கிறித்தவப் பெற்றோர் பலர் இதைச் சாத்தான் வழிபாடு என்றே அஞ்சினர். 1983இல் இதை எதிர்க்க ஓர் அமைப்பும் தோன்றியது. விளையாட்டால் பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொள்கின்றனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பின்னர் ஆராய்ந்தவர்கள் அத்தகைய தொடர்பைக் காணவில்லை. எனினும் நம் இல்லத்தில் எக்கதை சொல்லப்பட வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை நம்முடையது. விதிகள் ஒரு வீட்டின் சட்டம் போன்றவை. உள்ளே என்ன சமைப்பது என்பது வீட்டாரின் விருப்பம். எங்கள் பிள்ளைகள் மந்திரத்தை விலக்கி மருந்துப் பையை வைத்துக்கொண்டனர். கதையின் சுவை குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நூல் மௌனமாகும் இடம்

விதி இருக்குமிடத்தில் வழக்கும் இருக்கும். தாயத்தில் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஒரு காயையாவது வெட்டாமல் பழம் ஏறலாமா கூடாதா என்பதில் ஊருக்கு ஊர் வழக்கு மாறும். "எங்க ஊரில் இப்படித்தான்" என்று கூறிச் சம்பந்தி வீட்டாரே முகம் திருப்பிக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம்.

பாத்திரமேற்பு விளையாட்டின் விதி நூல்களோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்டவை. ஆகவே வழக்கும் அதிகம். 1979இல் 'தி டிராகன்' என்ற அமெரிக்க இதழ் விதிகளைப் பற்றிய ஐயங்களுக்கு விடையளிக்கத் தனிப் பகுதியே தொடங்கியது. நம் இதழ்களில் மார்க்கச் சட்ட விளக்கம் கேட்டு வாசகர்கள் எழுதுவதைப் போல, அங்கே வாளின் நீளம் குறித்தும் குதிரையின் வேகம் குறித்தும் எழுதிக் கேட்டனர்.

எங்கள் திண்ணையில் எழுந்த வழக்கு இது. மூங்கில் காட்டிலிருந்து ஒற்றை யானை வெளிப்பட்டது. மிளகு வணிகனைத் தூக்கி எறிந்தது. விளையாட்டின் விதிப்படி அவன் உயிர் ஊசலாடுகிறது. தன் முறை வரும்போதெல்லாம் அவன் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். பத்தும் அதற்கு மேலும் வந்தால் நன்மை, குறைந்தால் தீமை. மூன்று தீமை சேர்ந்தால் பாத்திரம் இறந்துவிடும். சிறுவன் இருமுறை எடுத்தான். ஏழு, நான்கு. இரண்டு தீமைகள். அவன் கண்ணில் நீர் திரண்டுவிட்டது. மிளகு மூட்டைக்கு ஒரு பெயர் வைத்திருந்தான் அவன்!

ஹக்கீம் ஓடி வரவேண்டும். ஆனால் அவள் நிற்பது முப்பத்தைந்து அடி தொலைவில். ஒரு முறையில் முப்பது அடி நடந்து மருந்து இடலாம்; அல்லது மருந்து இடுவதை விட்டுவிட்டு அறுபது அடி ஓடலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. ஐந்து அடி குறைகிறது.

"அப்படின்னா நான் மருந்துப் பையை வழிகாட்டிக்குத் தூக்கிப் போடுறேன். அவர் பக்கத்துலதானே நிக்கிறார்" என்றாள்.

குதிரை வீரன் உடனே நூலைத் திறந்தான். விதிகள் அனைத்தும் அவனுக்கு மனப்பாடம். "மருத்துவப் பையை வீசலாம்னு எங்கேயும் எழுதலை. செல்லாது."

"வீசக் கூடாதுன்னு எழுதியிருக்கா அண்ணே?"

"எழுதாததைச் செய்ய முடியாது."

வாதம் கால் மணி நேரம் நீண்டது. சிறுவன் எழுந்து உள்ளே போய்விட்டான். அப்போதுதான் என் தாயார் முறத்தைக் கீழே வைத்தார். "சட்டம் தெரிஞ்சவன், தடுக்கிறதுக்கு மட்டும் அதைத் தெரிஞ்சு வச்சிருக்கக் கூடாதுத்தா. வழி காட்டவும் தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

கதை நடத்தும் மூத்தவன் தன் தீர்ப்பைச் சொன்னான். முப்பத்தைந்து அடி என்பது தெளிவான விதி. அதை மாற்ற மாட்டேன். பை வீசுவதைப் பற்றி நூல் மௌனமாக இருக்கிறது. நூல் மௌனமாக இருக்குமிடத்தில் அதன் நோக்கத்தைப் பார்க்க வேண்டும். மருத்துவப் பை எதற்காக இருக்கிறது? விழுந்தவனைக் காப்பதற்காக. ஆகவே வீசலாம், ஆனால் சரியாகச் சென்று சேருமா என்பதைச் சீட்டு சொல்லட்டும். பத்துக்குக் குறைந்தால் பை பள்ளத்தில் விழும்.

பெண் பிள்ளை பைக்குள் கையை விட்டாள். பதினொன்று வந்தது. வழிகாட்டி பையைப் பிடித்தான். தன் முறையில் மருந்திட்டான். உள்ளே போன சிறுவனை அழைத்துவர நால்வரும் ஓடினர்.

தெளிவான சொல், அதன் நோக்கம், சொல் இல்லாத இடத்தில் ஆய்ந்து காணும் முடிவு. ஃபிக்ஹு பாடம் ஓதியவர்களுக்கு இப்படிகள் புதியன அல்ல. விளையாட்டையும் மார்க்கச் சட்டத்தையும் ஒரே தட்டில் வைப்பதாக எண்ணிவிடாதீர்கள். தெளிவான சொல்லை வளைக்காமல் நோக்கத்தையும் மறவாமல் நடப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பிள்ளைகள் கையளவு யானைக் கதையில் பழகிக்கொள்கின்றனர் என்றே சொல்ல வருகிறேன். சொத்துப் பிரிவினையிலும் ஜமாஅத் கூட்டத்திலும், நாளை அவர்களுக்கு இப்பழக்கம் தேவைப்படும்.

மறுநாள் ஒன்று நடந்தது. ஓடையைக் கடக்கும் இடத்தில் சிறுவனுக்குத் தாண்டும் வலிமை போதவில்லை. குதிரை வீரன் நூலைத் திறந்தான். மற்றவர்கள் முகம் சுளித்தனர். "உதவி செய்தல்னு ஒரு விதி இருக்கு. நான் பக்கத்தில் நின்று கை கொடுத்தால், இவன் இரண்டு சீட்டு எடுத்து, பெரிய எண்ணை வச்சுக்கலாம்" என்று படித்துக் காட்டினான். அவனுடைய தாளில் விவேகம் இன்னும் எட்டாகத்தான் இருந்தது.

பரமபதத்தோடு ஓர் ஒப்பீடு

நம் அண்டை வீடுகளில் ஏகாதசி இரவுகளில் பரமபதம் ஆடுவதை அறிவீர்கள். நற்குணங்கள் ஏணியாகவும் தீக்குணங்கள் பாம்பாகவும் வரையப்பட்ட பலகை அது. 'ஷத்ரஞ்சுல் ஆரிஃபீன்' என்ற பெயரில் ஸூஃபிகளிடையேயும் அத்தகைய பலகை ஒன்று வழங்கியிருக்கிறது. நற்போதனைக்காகச் செய்யப்பட்டவை இவை. எனினும் எண்ணிப் பாருங்கள்: பரமபதத்தில் காய் பாம்பின் வாயில் விழுவது காயின் குற்றமா? பகடை சொன்னது, காய் சென்றது. ஏணியில் ஏறியதும் அதன் புண்ணியம் அன்று.

பிள்ளைகளின் திண்ணை விளையாட்டில் யானை வருவதைச் சீட்டு முடிவு செய்கிறது. யானை வந்தபோது ஓடுவதா, நின்று விழுந்தவனைத் தூக்குவதா என்பதைப் பிள்ளையே முடிவு செய்கிறான். குணம் பிறப்பது அந்த இரண்டாவது இடத்தில்தான்.

ஒரு பேராசிரியரின் இரண்டு பெயர்கள்

இனி, நான் வெட்கப்பட்ட கதைக்கு வருகிறேன்.

ஹக்கீமாக விளையாடும் பெண் பிள்ளை ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறாள். முதல் பக்கத்தில் 'நம்மவர்கள்' என்று தலைப்பு. அறிவியலிலும் கலையிலும் சிறந்து விளங்கிய முஸ்லிம்களின் பெயர்களை அதில் எழுதி வருகிறாள். ஒரு நாள் கேட்டாள்: "மாமு, இந்த விளையாட்டை உண்டாக்கினவங்களில் நம்மவர் யாராவது இருக்காங்களா?"

இருக்கிறார் என்று துள்ளி எழுந்து சொன்னேன். பேராசிரியர் முஹம்மது அப்துர் ரஹ்மான் பார்க்கர். 1929இல் அமெரிக்காவில் பிலிப் பார்க்கராகப் பிறந்தவர். 1950களின் தொடக்கத்தில் ஆய்வு மாணவராக இந்தியாவுக்கு வந்தபோது இஸ்லாத்தைத் தழுவினார். மொழியியல் அறிஞர். கிளாமத் எனும் அமெரிக்கப் பூர்வகுடி மொழிக்கு இலக்கணமும் அகராதியும் இயற்றினார். உருது கற்போருக்குப் பாடநூல் எழுதினார். பலூச்சி மொழிக்கும் எழுதினார். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசியத் துறைப் பேராசிரியராக இருந்தார். டெக்குமெல் என்ற கற்பனை உலகை இளமை முதலே படைத்து, அதற்கெனத் தனி மொழியும் தனி எழுத்தும் உருவாக்கினார். ஐரோப்பியக் கோட்டைகளையும் வீரர்களையும் விட்டு, இந்தியா, மத்திய கிழக்கு, பழைய அமெரிக்க நாகரிகங்களின் சாயலில் அமைந்த உலகம் அது. அதை அடிப்படையாகக் கொண்ட 'பூவிதழ் அரியணைப் பேரரசு' என்னும் பொருள்படும் அவரது விளையாட்டு 1975இல், முதல் விளையாட்டு வந்த மறு ஆண்டே, அதே நிறுவனத்தால் வெளியிடப்பட்டது.

பிள்ளை அழகிய கையெழுத்தில் எழுதிக்கொண்டாள். நானும் பெருமிதம் கொண்டேன்.

அன்று இரவு இஷா தொழுகைக்குப் பின் மூத்தவன் என்னைத் தனியே அழைத்தான். "மாமு, அவரைப் பற்றி முழுசாப் படிச்சீங்களா?" என்றான்.

நான் முழுதும் படித்திருக்கவில்லை. செய்தி இதுதான்: 1991இல் அமெரிக்காவில் ஒரு நாவல் வெளிவந்தது. ஹிட்லரின் படையினரது வாரிசுகளை நாயகர்களாக்கி, யூத வெறுப்பைப் பரப்பும் நூல். வெளியிட்டது இனவெறி அமைப்பு ஒன்றின் பதிப்பகம். ஆசிரியர் பெயர் ராண்டால்ஃப் கால்வர்ஹால் என்றிருந்தது. அது புனைபெயர். எழுதியவர் பார்க்கரே என்பதை, அவரது படைப்புகளைப் பேணி வரும் டெக்குமெல் அறக்கட்டளையே 2022இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஹிட்லர் ஆட்சியில் யூதர்கள் கொன்றொழிக்கப்பட்டதையே மறுத்து வந்த இதழ் ஒன்றின் ஆலோசனைக் குழுவிலும் அவர் இருந்தார் என்பதும் தெரிய வந்தது. அவர் 2012இலேயே காலமாகிவிட்டார். அவருடன் ஆண்டுக்கணக்கில் ஒரே மேசையில் அமர்ந்து விளையாடியவர்கள் இருக்கின்றனர். அந்த மேசையில் பல நாட்டு மாந்தராகவும் பல இன மக்களாகவும் கதை பேசிய மனிதர், தனியறையில் இன்னொரு பெயரில் வெறுப்பை எழுதிக்கொண்டிருந்தார்.

அவருடைய தாளை மனத்தில் வரைந்து பார்த்தேன். அறிவு பதினைந்து; அதற்கு மேலும் இடமிருந்தால் அதுவும் உண்டு. கற்பனை, மொழித் திறன், கற்பிக்கும் ஆற்றல், அனைத்தும் நிறைந்த தாள். என் தாயார் கேட்ட கேள்விக்குரிய கட்டம் மட்டும் அதில் இல்லை.

என் தவறையும் சொல்லியாக வேண்டும். ஒரு பெயரைக் கண்டதும் ஆளை அறிந்துவிட்டதாக நான் எண்ணினேன். அப்பெயருக்குள் முஹம்மது என்ற சொல் இருந்ததால் மேலே படிக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. பிறர் நம்மைப் பெயரைக் கொண்டு மட்டும் அளக்கும்போது நாம் நோகிறோம். வாடகைக்கு வீடு கேட்டுச் சென்று, பெயரைச் சொன்னதும் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இதை வாசிப்போருள் பலர் இருப்பீர்கள். அதே அளவுகோலால் நான் ஒருவரை உயர்த்தினேன். அளந்தது இகழ்வதற்கு அன்று, புகழ்வதற்கு என்பதைத் தவிர வேறுபாடு என்ன?

காலையில் பிள்ளையிடம் சொன்னேன். மறைத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "பெயரை மாத்திக்கிட்டா யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சாரா மாமு?"

நான் விடை தேடிக்கொண்டிருக்கையில் அடுப்படியிலிருந்து என் தாயார் சொன்னார்: "நிய்யத்தைப் பார்க்கிறவனுக்குப் பெயர் எதுக்கும்மா?"

ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸே எண்ணத்தைப் பற்றியது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோன அந்த முதியவர் அதைக் கொண்டே விடை கூறிவிட்டார்.

பெற்றோர் கவனத்துக்கு

இவ்விளையாட்டை உங்கள் இல்லத்துக்கு வரவேற்க வேண்டும் என்றோ, விலக்க வேண்டும் என்றோ நான் சொல்லவில்லை. பிள்ளைகள் நகரத்துக் கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் இதைக் கொண்டுவருகின்றனர். கேள்வி உங்கள் வாசலுக்கும் வரும். வந்தால் சிலவற்றை நினைவிற் கொள்ளுங்கள்.

முதல் நாளிலேயே உடன் அமர்ந்து கேளுங்கள். கதை எத்தகையது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பகடை, மந்திரம் ஆகியவற்றில் உங்கள் வீட்டு வரம்பை அன்றே சொல்லிவிடுங்கள். விளையாட்டு அதற்கு இடம் கொடுக்கும். பாங்கு ஒலித்தால் யானை காத்திருக்கட்டும். பணம் வைத்து ஆடும் பேச்சே எழக் கூடாது. வழக்கு எழுந்தால் நீங்கள் குறுக்கே புகுந்து தீர்த்துவிடாதீர்கள். கதை நடத்தும் பிள்ளை காரணம் கூறித் தீர்க்கட்டும். தீர்ப்பு யாருக்கு எதிராக வந்ததோ அந்தப் பிள்ளை அதை எவ்வாறு ஏற்கிறான் என்பதை மட்டும் கவனியுங்கள். ஆண்டு இறுதி மதிப்பெண் பட்டியல் காட்டாத ஒன்றை அப்போது காண்பீர்கள்.

நான் ஊர் திரும்பும் நாளில் அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தேன். பார்க்கரின் பக்கத்தை அவள் கிழிக்கவில்லை. அவருடைய இலக்கண நூல், உருதுப் பாடநூல், விளையாட்டு எல்லாம் அப்படியே இருந்தன. கீழே ஒரு கோடு இழுத்து, 1991, 2022 என இரண்டு ஆண்டுகளையும், நடந்ததையும் நான்கு வரிகளில் எழுதியிருந்தாள். முதற்பக்கத்தில் 'நம்மவர்கள்' என்ற தலைப்பை அழித்துவிட்டு 'படித்துத் தெரிந்துகொண்டவர்கள்' என்று மாற்றியிருந்தாள்.

"அடுத்த பெயர் சொல்லுங்க மாமு. இந்தத் தடவை முழுசாப் படிச்சுட்டுச் சொல்லுங்க" என்றாள்.

படித்துக்கொண்டிருக்கிறேன்.